மேட்டைச் சலிக்கக் கோடி, வீட்டில் கற்பிக்க?

ஊருக்கு ஊர் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரிலே பச்சை வண்ணத்தில் ஒரு மரம். மரத்தடியில் சிரித்த முகத்துடன் ஒரு சிறுமி. சிறுமியின் இரு கைகளிலும் இரண்டு கூடைகள். கீழே, 'மக்கும் குப்பை, மக்காத குப்பை: பிரித்துத் தருவீர்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வாசகம். தீட்டிய வண்ணம் இன்னும் மங்கவில்லை. தீட்டியதற்கான பட்டியலும் பணமாகிவிட்டது. ஆனால், அதே சுவரின் அடியில், சிறுமியின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு, பிரிக்கப்படாத குப்பை குவிந்து கிடக்கிறது. இக்காட்சியைக் காணாத தோழர் நம்மில் எவரும் இரார்.

கண்டு நகைப்போர் உண்டு. 'நம் மக்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது' என்று நொந்துகொள்வோரும் உண்டு. நகைப்பதும் தவறு, நொந்துகொள்வதும் தவறு. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மக்களுக்கு யார் சொன்னார்கள்? சுவர் சொல்லிற்று. சுவர் சொன்னதைச் சுவரே கேட்டுக்கொண்டது. வாயிற்படியில் வந்து நின்று, வீட்டாரின் முகம் பார்த்து, ஐயம் கேட்டு, விடை சொல்லி, மறுவாரமும் வந்து 'எப்படி நடக்கிறது?' என்று விசாரித்த மனிதர் யார்? அத்தகைய மனிதரை அனுப்புவதற்கு எவரேனும் பணம் ஒதுக்கினரா? ஒதுக்கினர் எனில், அந்தப் பணம் எங்கே போயிற்று?

'குப்பையைப் பற்றிக் கட்டுரையா? அதுவும் ஞாயிற்றுக்கிழமை அரசியல் பகுதியிலா?' என்று புருவம் நெரிப்போர் இருக்கலாம். அவர்கட்கு ஒரு சொல். குப்பை எவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது என்பது அரசியல். எவர் கையால் அள்ளப்படுகிறது என்பது அரசியல். அதைக் குறைப்பதற்கென மக்களின் வரிப்பணத்திலிருந்து ஒதுக்கப்பட்ட தொகை எவ்வழியில் செலவாகிறது என்பதோ அரசியலினும் அரசியல்.

சென்னை மாநகரை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு அங்கே சேரும் குப்பை 5,000 டன்னுக்கு மேல். பல்லாண்டுக் காலம் அக்குப்பை போய்ச் சேர்ந்த இடங்கள் இரண்டு: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. கொடுங்கையூர், உழைப்பாளி மக்கள் நெருங்கி வாழும் வடசென்னையின் பகுதி. பெருங்குடி மேடோ, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்று தின்று வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலம், உலகம் போற்றிக் காக்கத் தக்கதென 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலிலே இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரல் திங்களில் பெருங்குடி மேடு தீப்பற்றி எரிந்தது. சுற்றுப்புற மக்கள் புகையின் நடுவே நாட்களைக் கழித்தனர். நகரின் எல்லாத் தெருக்களும் சேர்ந்து உண்டாக்கிய குப்பை. அதன் நாற்றத்தையும் புகையையும் ஏற்க மட்டும் இரண்டு ஊர்கள்! இது என்ன நியாயம்?

இப்போது அந்த மேடுகளைக் கரைக்கும் பணி நடைபெறுகிறது. பழைய குப்பையைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, மாபெரும் சல்லடைகளில் இட்டுச் சுழற்றி, மண் தனியாக, கல் தனியாக, பிளாஸ்டிக் தனியாகப் பிரிக்கிறார்கள். பெருங்குடியில் இப்பணிக்கு ஏறத்தாழ 350 கோடி ரூபாய். கொடுங்கையூரில் ஏறத்தாழ 640 கோடி ரூபாய். பணி தேவையற்றது என்று நாம் சொல்லவில்லை. நிலம் மீளட்டும், மக்கள் மூச்சுவிடட்டும். ஆனால், கணக்கைச் சற்றே கூட்டிப் பாருங்கள். இரண்டு மேடுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். எதற்கு இந்த ஆயிரம் கோடி? பிரிப்பதற்கு! வீட்டின் பின்கட்டிலே, இரண்டு வாளிகளை வைத்துக்கொண்டு, ஒரு தாயோ தந்தையோ நாள்தோறும் கைவசமாகச் செய்திருக்கக் கூடிய அதே பிரித்தலை, முப்பது நாற்பது ஆண்டு கழித்து, இயந்திரங்களைக் கொண்டு செய்கிறோம்.

செய்தும் முழுப்பயன் உண்டா? இல்லை. பழத்தோலும் செய்தித்தாளும் ஒரே பையில் ஒரு பொழுது கிடந்தால் போதும். தோல் நல்ல உரமாகும் தகுதியை இழக்கும், தாள் விலைபோகும் தகுதியை இழக்கும். காற்றுப் புகாத மேட்டின் அடியிலே ஈரக் குப்பை அழுகுகிறது. அழுகுவதிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. தீக்கு அதுவே தீனியாகிறது. கசிந்திறங்கும் கரிய நீர் கிணற்றையும் குளத்தையும் கெடுக்கிறது. ஆண்டுகள் கழித்துத் தோண்டியெடுக்கும் அழுக்கேறிய பிளாஸ்டிக், பெரும்பாலும் சிமெண்ட் ஆலையின் உலைக்கு எரிபொருளாகத்தான் போகிறது. முதல் நாளே பிரித்திருந்தால் பொருள், கலந்துவிட்டால் பாழ். கற்பிப்பதற்குக் கொடுக்க மறுத்த காசு, சலிப்பதற்குக் கோடி கோடியாகச் செலவாகிறது. இன்று நாம் சொல்ல வந்தது இந்த ஒன்றே.

'சட்டம் இதைச் சொல்லவில்லையா?' என்று கேட்கலாம். சொல்லியது, ஒரு முறைக்கு மும்முறை சொல்லியது. நகரக் குப்பையின் சீர்கேடு குறித்து 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அல்மித்ரா பட்டேல் தொடுத்த வழக்கின் பயனாக, 2000ஆம் ஆண்டிலே நகராட்சிக் குப்பை பற்றிய விதிகள் பிறந்தன. குப்பையைப் பிரிப்பதில் மக்களை ஈடுபடுத்த வேண்டும் என்றும், அதற்காகக் குடியிருப்போர் சங்கங்களையும் தொண்டு அமைப்புகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பேச வேண்டும் என்றும் அவ்விதிகள் கட்டளையிட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை! தோழர்களே, உங்கள் நகராட்சி அத்தகைய கூட்டத்தை எத்தனை முறை கூட்டியது என்று பழைய தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

2016இல் புதிய விதிகள் வந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருவது ஒவ்வொரு வீட்டாரின் கடமை என்றன. குப்பையைக் குறைக்கவும், பொருளை மறுபடி பயன்படுத்தவும், வீட்டிலேயே உரமாக்கவும் மக்களுக்குக் கற்பிப்பது உள்ளாட்சியின் கடமை என்றன. 2026ஆம் ஆண்டின் விதிகளோ நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன: ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டும் கழிவு. இரண்டு மூன்றாயிற்று, மூன்று நான்காயிற்று. கூடைகளின் எண்ணிக்கை வளர்ந்தது. கற்பிப்போரின் எண்ணிக்கை மட்டும் வளரவில்லை. வீட்டார் கடமையில் தவறினால் தண்டம் உண்டு. கற்பிக்கும் கடமையில் உள்ளாட்சி தவறினால்? தண்டிப்பார் யார்?

பணமே இல்லை என்பாரும் உளர். அதுவும் உண்மையன்று. 2014இல் தூய்மை இந்தியா இயக்கத்தின் நகர்ப்புறப் பகுதிக்கு மத்திய அரசு வகுத்த பங்கு 14,623 கோடி ரூபாய். அதில் குப்பை மேலாண்மைக்கு 7,366 கோடி; மக்களிடையே விழிப்புணர்வு உண்டாக்க 1,828 கோடி. இரண்டாம் கட்டம் 2021 அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கிற்று. மாநிலங்கள், உள்ளாட்சிகள் பங்கையும் சேர்த்து அதன் மொத்த மதிப்பீடு ஏறத்தாழ 1,41,600 கோடி ரூபாய். ஆக, விழிப்புணர்வு என்ற தலைப்பிலே பணம் இருந்தது. பணத்தைச் செலவிடும் முறையில்தான் கோளாறு.

விழிப்புணர்வு என்று ஏட்டில் எழுதினார்கள். விளம்பரம் என்று அதைப் படித்தார்கள். பெரிய பெரிய பலகைகள். அமைச்சர்களின், அதிகாரிகளின் உருவப் படங்கள். ஒரு நாள் ஊர்வலம். ஒரு நாள் உறுதிமொழி. துடைப்பம் ஏந்திப் புகைப்படம். நாளேட்டில் அரைப் பக்கம். நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் தொகையைச் செலவிட்டாக வேண்டும். ஆகவே பலகை அச்சிடுவோருக்கு வேலை. அச்சகத்தாரை நாம் குறை சொல்லவில்லை. பலகை பாடம் நடத்தாது என்கிறோம், அவ்வளவே.

பாடம் என்ன, சிறியதா? இளநீர் மட்டை எந்தக் கூடை? எண்ணெய் படிந்த காகிதம் எந்தக் கூடை? பால் உறையைக் கழுவிப் போட வேண்டுமா? உடைந்த கண்ணாடியை எப்படிச் சுற்றித் தருவது? குழந்தையின் அணையாடையை, மாதவிடாய்ப் பஞ்சை எதில் பொதிவது? உயிரிழந்த மின்கலம் எங்கே? ஒற்றை அறையிலே ஐவர் வாழும் வீட்டில் இரண்டாவது வாளியை எங்கே வைப்பது? கணவன் மனைவி இருவரும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட, எட்டு மணிக்கு வரும் வண்டியிலே குப்பையை யார் கொடுப்பது? இவை வீட்டுக்கு வீடு மாறும் கேள்விகள். சுவரால் இவற்றுக்கு விடை சொல்ல இயலாது. மனிதர்தாம் சொல்ல இயலும். அவரும் ஒரு முறை வந்து சொன்னால் போதாது, பழக்கம் படியும் வரை வந்து சொல்ல வேண்டும். எழுத்தறிவு இயக்கத்திலே பணியாற்றிய தோழர்கள் இதை நன்கு அறிவர். 'அ' என்ற எழுத்தைச் சுவரில் எழுதிவிட்டதால் எவரும் எழுத்தறிவு பெற்றதில்லை. ஒருவர் கையை மற்றொருவர் பிடித்து எழுதப் பழக்கியதால்தான் பெற்றனர்.

'இதெல்லாம் ஏட்டுக்கு அழகு, நடைமுறைக்கு ஆகுமா?' என்பாருக்கு இரண்டு ஊர்களைக் காட்டுகிறோம்.

முதலாவது, அண்டை நாடாம் கேரளத்தின் ஆலப்புழை. அந்நகரின் குப்பை சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டப்பட்டு வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கிராமத்து மக்கள் 2012இல் லாரிகளை மறித்தனர். நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. அந்த நெருக்கடியில் அவர்கள் வேறொரு கிராமத்தைத் தேடி ஓடவில்லை; வீட்டை நாடினர். 2012 நவம்பரில் 'தூய வீடு, தூய நகரம்' என்ற பொருள்படும் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' திட்டம் தொடங்கிற்று. அத்தொகுதியின் அன்றைய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் ஐசக் முன்னின்றார். வீட்டிலேயே உரமாக்கும் குழாய்களுக்கும் சிறு எரிவாயுக் கலங்களுக்கும் மானியம் தந்தனர். வீட்டில் இடமில்லாதோருக்குத் தெருக்களிலே காற்றோட்டமுள்ள தொட்டிகளை அமைத்தனர். குப்பை ஓர் அடுக்கு, உலர்ந்த இலை ஓர் அடுக்கு என இட்டால், மூன்று மாத அளவில் உரம். எல்லா வார்டுகளிலும் ஒரே நாளில் ஆர்ப்பாட்டமாகத் தொடங்காமல், சில வார்டுகளில் தொடங்கிப் பழகிப் பிறகு விரித்தனர். 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பைப் பிரச்சினையைத் திறம்பட எதிர்கொள்ளும் ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது. ஒசாகாவும் லூப்லியானாவும் அந்த ஐந்தில் அடக்கம்.

இது எப்படி முடிந்தது? ஆலப்புழை மக்கள் வானத்திலிருந்து குதித்தவர்களா? இல்லை. 1996ஆம் ஆண்டின் மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியிலே 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளின் கையில் ஒப்படைத்தது. ஊர்க்கூட்டத்தில் அமர்ந்து, தம் பணத்தைத் தாமே செலவிடத் திட்டமிட்டுப் பழகிய மக்கள் அவர்கள். கற்பிக்கப் போனவர் அயலார் அல்லர். அதே வார்டின் ஆணும் பெண்ணும். அதே கேரளத்தில், அப்பாடம் வேரூன்றாத கொச்சியிலே, 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பை மேடு பற்றியெரிந்து நகரையே பல நாள் புகையில் ஆழ்த்தியது என்பதையும் மறந்துவிடலாகாது. ஒரே மாநிலம், ஒரே மொழி, ஒரே சட்டம். கற்றுக்கொண்ட ஊருக்கு ஒரு கதி, கற்பிக்கப்படாத ஊருக்கு மற்றொரு கதி.

இரண்டாவது, மராட்டியத்தின் புணே. அங்கே எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் வயது வந்தோர் கல்விப் பிரிவினர், குப்பை பொறுக்கும் பெண்களுக்கும் சிறுவர்க்கும் எழுத்தறிவிக்கச் சென்றனர். சென்ற இடத்திலே அவர்களே பாடம் கற்றனர். நாறும் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவும் பெண்ணுக்கு முதலில் வேண்டுவது அரிச்சுவடி அன்று. துழாவாமல் வாழும் வழி என்பதை உணர்ந்தனர். வீட்டார் முன்னரே பிரித்துத் தந்தால், அப்பெண் தொட்டியிலே இறங்க வேண்டியதில்லை. பொருளுக்கும் நல்ல விலை கிடைக்கும். இந்த எண்ணத்திலிருந்து 1993இல் குப்பை பொறுக்குவோரின் தொழிற்சங்கம் பிறந்தது. அச்சங்கத்திலிருந்து 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு தோன்றி, 2008இல் மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை திரட்டத் தொடங்கியது. வீட்டார் மாதந்தோறும் தரும் கட்டணம் அவர்களின் வருவாய். கருவிகளுக்கும் அமைப்பை நடத்தும் செலவுக்கும் மாநகராட்சியின் நிதி. இன்று அதில் 3,000க்கு மேற்பட்ட உழைப்பாளிகள், பெரும்பாலோர் பெண்கள். நேற்றுவரை தெருவில் இழிவாக நோக்கப்பட்டவர், இன்று வாயிற்படியில் நின்று, 'அம்மா, இது இந்தக் கூடை அன்று, அந்தக் கூடை' என்று படித்தவர்க்கும் பாடம் சொல்கிறார். ஆசிரியர் யார், மாணவர் யார் என்ற பழைய வரிசை அங்கே தலைகீழாயிற்று.

நம் மண்ணிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 1989இல் சென்னையிலே எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், தெருமக்கள் தாமே காசு சேர்த்து, தம் தெருவைத் தாமே தூய்மையாக்கும் வழியைக் காட்டிற்று. ஆனால், தெருவிலே எவ்வளவு ஒழுங்காகத் திரட்டினாலும், கடைசியில் எல்லாம் ஒரே மேட்டுக்குத்தான் போய்ச் சேரும் எனில், பிரித்துக் கொடுத்தவரின் உள்ளம் சோர்ந்துபோகாதா? வீட்டில் இரண்டாகப் பிரித்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டும் காட்சியை ஒரு முறை பார்த்த இல்லத்தரசி, மறுநாள் ஏன் பிரிப்பார்? ஆயிரம் பலகைகள் கற்பித்ததை ஒரே ஒரு வண்டி அழித்துவிடுகிறது. ஆகவே, கல்வி முதலில் தொடங்க வேண்டிய இடம் வண்டி, அடுத்தது வீடு. ஏற்பாடு செம்மையாக இருந்தால், அந்த ஏற்பாடே கற்பிக்கும்.

நீலகிரியைப் பாருங்கள். 2022 மே திங்களிலே, அங்குள்ள மதுக்கடைகளில் பாட்டில் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அப்பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை, உயர் நீதிமன்றத்தின் தலையீட்டினால் நடைமுறைக்கு வந்தது. காட்டிலும் மேட்டிலும் உடைந்து சிதறி, யானையின் காலைக் கிழித்த பாட்டில்களில் பெரும்பகுதி கடைக்குத் திரும்பலாயிற்று. குடிப்போரிடம் எவரும் அறிவுரைக் கூட்டம் நடத்தவில்லை. பத்து ரூபாய் நடத்திற்று! இதனால் நாம் பெறும் பாடம், கல்வி வேண்டாம் என்பதன்று. கல்வியும் ஏற்பாடும் கைகோத்து நடக்க வேண்டும் என்பதே.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குப்பையைக் குறைப்பது பற்றிய பாடம் எல்லாம் ஏன் அடுப்பங்கரையை நோக்கியே பேசுகிறது? ஒரு ரூபாய்ச் சரக்கை மூன்று அடுக்கு உறையிலே அடைத்து விற்பவர், பாடம் கேட்க வேண்டியவர் அல்லரா? 2019 சனவரி 1ஆம் நாள் முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பர் 23ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிற்று. நல்லவை, வரவேற்கிறோம். ஆனால், பூக்காரம்மாவின் கூடையிலிருந்து பையைப் பறிமுதல் செய்வது எளிது. பை செய்யும் ஆலையின் கதவைத் தட்டுவது அரிது. பிளாஸ்டிக் உறைகளைச் சந்தைக்கு விடும் நிறுவனங்கள், அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகளே சொல்லின; 2022இல் அப்பொறுப்பு மேலும் விரிவாக வகுக்கப்பட்டது. உறையினால் இலாபம் ஈட்டுவோர், அவ்வுறையை என்ன செய்வது என்று மக்களுக்குக் கற்பிக்கும் செலவிலும் பங்கு ஏற்கட்டும். ஏழையின் வீட்டுக்குத் தண்டம், செல்வரின் ஆலைக்குப் பாராட்டுப் பத்திரம் என்ற நீதி செல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நெஞ்சை உறுத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. 'குப்பைக்காரர் வந்திருக்கிறார்' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் குரல் கொடுக்கிறார்கள். குப்பைக்காரர் யார்? குப்பையை உண்டாக்கியவர் நாம்; எடுத்துச் செல்ல வந்தவர் தூய்மைப் பணியாளர். உடைந்த கண்ணாடியை நாம் காகிதத்தில் சுற்றாமல் போட்டால், கிழிவது அவர் கை. ஊசியை நாம் கலந்து போட்டால், நோய் தொற்றுவது அவர் உடம்பில். குருதி தோய்ந்த பஞ்சைப் பொதியாமல் போட்டால், அதைத் தொடுவது அவர் விரல். ஒரு சில சாதியில் பிறந்தவரே இப்பணிக்குரியோர் என்று தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைத்த நாடு இது. அவர்க்கு ஒரு நாள் மாலை சூட்டி, மறுநாள் அவர் கையில் கலந்த குப்பையைத் திணிப்பது மரியாதை ஆகாது. வீட்டில் இரண்டு நிமிடம் செலவிட்டுப் பிரிப்பதே உண்மையான மரியாதை. குப்பைக் கல்வி என்பது சுகாதாரப் பாடம் மட்டுமன்று. சமத்துவப் பாடமும் ஆகும்.

ஆகவே, கற்பிப்பதற்கென வழங்கும் மானியம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் திட்டவட்டமாக எடுத்துரைக்கிறோம்.

முதலாவது, பணம் பலகைக்கன்று, ஆளுக்கு. வார்டுதோறும் அதே பகுதியைச் சேர்ந்தோர், முறையான ஊதியத்துடன், வீடுவீடாகச் செல்லும் கற்பிப்போராக அமர்த்தப்பட வேண்டும். தூய்மைப் பணியாளரும், பழைய பொருள் பொறுக்கி வாழ்வோரும் அப்பணிக்கு முதலுரிமை பெற வேண்டும். இருக்கும் வேலையோடு இலவசச் சுமையாக அதை அவர்கள் தலையில் ஏற்றலாகாது.

இரண்டாவது, மானியம் மார்ச் 31இல் சாகலாகாது. பழக்கம் படிய ஆண்டுகள் ஆகும். குறைந்தது மூன்றாண்டுக்கு உறுதி வேண்டும். விதை போட்ட மறுநாளே அறுவடைக் கணக்குக் கேட்பவன் உழவன் அல்லன்.

மூன்றாவது, அளவுகோல் மாற வேண்டும். எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை துண்டறிக்கை அச்சாயிற்று என்று கேட்பதை விடுத்து, அந்த வார்டிலிருந்து கலந்த குப்பை எத்தனை கிலோ குறைந்தது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசு பொய் சொல்லாது, புகைப்படம் சொல்லும்.

நான்காவது, பிரித்து வாங்கும் வண்டியும், உரமாக்கும் கூடமும், உலர் பொருளைத் தரம்பிரிக்கும் இடமும் ஆயத்தமான பிறகே வீட்டாரிடம் செல்ல வேண்டும். ஏற்பாடு இல்லாத அறிவுரை ஏமாற்று.

ஐந்தாவது, கணக்கு ஊரார் கண்முன் வைக்கப்பட வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு எதற்குச் செலவாயிற்று என்பதைக் கிராம சபையிலும், நகரங்களில் வார்டுக் குழுவிலும் பகுதி சபாவிலும் படித்துக் காட்ட வேண்டும். மக்களுக்குக் கற்பிக்கும் பணத்தின் கணக்கை மக்களே அறியாமலிருப்பது வெட்கக்கேடு.

'இவ்வளவுக்கும் பணம் எங்கே?' என்று கேட்போர், மீண்டும் அந்த இரண்டு மேடுகளைப் பார்க்கட்டும். சலிப்பதற்குக் கிடைத்த ஆயிரம் கோடி, கற்பிப்பதற்கு மட்டும் ஏன் கிடைக்காது? 'எரித்து மின்சாரம் எடுத்துவிடுவோம். பிரிக்கவே வேண்டாம்' என்று ஆசை காட்டுவோரும் உண்டு. நம் நாட்டுக் குப்பையில் பெரும்பகுதி ஈரம். ஈர விறகு அடுப்பில் எரியாது என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. நம் வீட்டுத் தாய்மார் அறிவர். எரிக்க வேண்டுமானாலும் முதலில் பிரித்தாக வேண்டும். உரமாக்க வேண்டுமானாலும் பிரித்தாக வேண்டும். விற்க வேண்டுமானாலும் பிரித்தாக வேண்டும். எவ்வழி சென்றாலும் முதற்படி அதுவே. அதைத் தாண்டிக் குதிக்கும் இயந்திரம் இன்னும் பிறக்கவில்லை.

தோழர்களே! கோரிக்கை வைப்பதோடு நம் கடமை தீர்ந்ததா? தீரவில்லை. வாக்குக் கேட்டு வீடுவீடாகச் சென்றவர்கள் நாம். எந்தத் தெருவில் எந்த வீடு, எந்த வீட்டில் எத்தனை பேர், யார் எந்நேரம் வீட்டில் இருப்பார் என்பதெல்லாம் நம் கைவிரல் நுனியில். தேர்தலுக்கு மட்டுமா அந்த அறிவு? மானியம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே உங்கள் வார்டின் ஒரே ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். முதலில் உங்கள் வீட்டில் இரண்டு வாளி வையுங்கள். தன் வீட்டில் பிரிக்காதவன் அண்டை வீட்டுக்குச் சொல்லும் தகுதி பெறான். ஆடவர் இதில் முன்னிற்க வேண்டும். 'அது பெண்கள் வேலை' என்று நகர்ந்துகொள்பவர், மேடையில் சமத்துவம் பேசும் உரிமையை இழக்கிறார். நம் கூட்டங்களிலும் மாநாடுகளிலும் குவியும் பலகைகளும் தட்டுகளும் குவளைகளும் எங்கே போகின்றன என்பதையும் பாருங்கள். அந்தத் திடலை மறுநாள் காலையிலே போய்ப் பார்ப்பவர், நம்மைப் பற்றி என்ன எண்ணுவார்?

பிறகு, அடுத்த பகுதி சபாவில் எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் வார்டுக்கு விழிப்புணர்வு நிதி எவ்வளவு வந்தது? அது எதற்குச் செலவாயிற்று? அதனால் மேட்டுக்குப் போகும் குப்பை எத்தனை கிலோ குறைந்தது? விடை வரும் வரை அமராதீர்கள். உரத்த குரல் வேண்டியதில்லை. உறுதியான குரல் போதும்.

சுவரிலே சிரிக்கும் அந்தச் சிறுமியை ஒருவர் தீட்டிவிட்டுப் போய்விட்டார். அவள் காலடியில் கிடக்கும் குப்பையை எந்தத் தூரிகையாலும் அகற்ற முடியாது. கதவைத் தட்டும் கை வேண்டும். கற்பிக்கும் நா வேண்டும். அவ்விரண்டுக்கும் கூலி கொடுக்கும் மனம் ஆள்வோர்க்கு வேண்டும். அந்த மனம் தானாக வராவிடில், அதை வரவழைப்பது நம் பணி.